ஜிம்மிக்கு வேண்டியது கூட்டமா, கூட்டாளியா?

“ஏங்க... இன்னிக்கும் தட்டைத் தொடலைங்க. தயிர் சாதம் அப்படியே இருக்கு.”

சேத்தியாத்தோப்பு குறுக்குரோட்டிலிருந்து கொஞ்சம் உள்ளே தள்ளி ஒரு வீடு. சர்க்கரை ஆலையில் வேலை பார்த்து ரிடையர் ஆன அப்பா, வீட்டோடு இருக்கும் அம்மா. ஒரே பையனுக்குச் சென்னையில் கம்ப்யூட்டர் கம்பெனி வேலை. கம்பெனி அவனை ஒரு வருஷத்துக்கு வெளிநாடு அனுப்ப, ஆசை ஆசையாக வளர்த்த 3 வயது லாப்ரடார் ஜிம்மி, ஒரு பழைய பெட்ஷீட், ஒரு ரப்பர் பந்து சகிதம் ஊருக்கு வந்து சேர்ந்தது.

முதல் வாரம் கேட்டருகே நின்று ஓயாத குரைப்பு. இரண்டாவது வாரம் குரைப்பு நின்றது. ‘அப்பாடா, பழகிட்டுது!’ என்று பெரியவர்கள் மூச்சு விடுவதற்குள் சாப்பாடும் நின்றுபோனது. மாடிப்படிக்குக் கீழே சுருண்டு படுத்தால் எழுந்திருப்பதே இல்லை.

பையனுக்குப் போன் போனது. “சென்னையில தினமும் டே-கேர்ல 20 நாய்ங்களோட விளையாடுவான்ப்பா. ஊர்ல தனியாக் கிடக்கிறதால ஏங்கிட்டான். சிதம்பரத்துல, கடலூர்ல, பாண்டிச்சேரியில எங்கியாவது டே-கேர் இருக்கான்னு விசாரிங்க. இல்லேன்னா நாலு நாய் இருக்கிற இடமாப் பார்த்து அவிழ்த்து விடுங்க!”

அப்பாவுக்கு வந்ததே கோபம்! “நாய்க்கு எல்.கே.ஜி.யா? எங்க காலத்துல வாசல்ல கட்டிப்போட்டுச் சோறு வெச்சோம். அது பாட்டுக்கு இருந்துச்சு. இதெல்லாம் கொழுப்பு!”

அம்மாவோ நடுவில் நின்று தவித்தார். இந்த வழக்கில் யார் பக்கம் நியாயம்? தீர்ப்பைக் கடைசியில் சொல்கிறோம். இன்றைக்குப் பல வீடுகளில் நடக்கிற வழக்கு இது. பிள்ளைகள் நகரத்தில் நாய் வளர்க்கிறார்கள். லீவுக்கோ, வேலை மாற்றத்துக்கோ அந்த நாய் ஊரில் இருக்கும் பெரியவர்களிடம் வந்து சேர்கிறது. அதனால் நாய்ப் பூங்கா, டே-கேர் என்றெல்லாம் சொல்கிறார்களே, அவை நாய்க்கு நல்லதா என்பதைக் கொஞ்சம் விவரமாகவே பார்த்துவிடுவோம்.

நாய்க்கும் ஒரு பார்க்!

நாய்ப் பூங்கா என்பது வேலி போட்ட திடல். உள்ளே போனதும் பெல்ட்டைக் கழற்றி விடலாம். நாய்கள் இஷ்டத்துக்கு ஓடும். அமெரிக்காவில் கலிபோர்னியா மாநிலத்தின் பெர்க்லி நகரில் 1979-ல் ஆரம்பித்த ஓலோன் பூங்கா, இந்த வகையில் முன்னோடிகளில் ஒன்று. தோட்டம் இல்லாத நகரத்து வீடுகள், தெருவில் நாயை அவிழ்த்துவிடக் கூடாது என்கிற சட்டம். இந்த இரண்டுக்கும் நடுவே மாட்டிக்கொண்டவர்கள் கண்டுபிடித்த வழி அது. நம் நாட்டில் ஹைதராபாத் மாநகராட்சி 2018-ல் கொண்டாப்பூரில் நாய்களுக்கென்றே தனிப் பூங்கா திறந்தது.

டே-கேர் என்பது பகல் காப்பகம். காலையில் ஆபீஸ் போகும்போது விட்டுவிட்டு, மாலையில் அழைத்து வருவது. நம் குழந்தைகளைக் காப்பகத்தில் விடுவது போலத்தான். சென்னை, பெங்களூரு போன்ற ஊர்களில் கணவன், மனைவி இருவரும் வேலைக்குப் போகிற வீடுகளுக்கு இது கைகொடுக்கிறது. பூட்டிய ஃபிளாட்டில் 10 மணி நேரம் தனியாகக் கிடப்பதைவிட இது மேல் என்பதில் சந்தேகமே இல்லை.

ஆக, இரண்டுமே நாய்க்காக மட்டும் பிறந்த ஏற்பாடுகள் இல்லை. நம்முடைய வேலை நேரத்துக்காகவும், இடப் பற்றாக்குறைக்காகவும் பிறந்தவை. இதை மனதில் வைத்துக்கொண்டால் மற்றதெல்லாம் எளிதில் புரியும்.

நல்லது என்ன?

நாய்க்குட்டி பிறந்து 3-வது வாரத்திலிருந்து ஏறக்குறைய 14-வது வாரம் வரை உள்ள காலம் மிக முக்கியமானது. அந்த நாட்களில் பார்க்கிற மனிதர்கள், மற்ற நாய்கள், ஆடு மாடு, சைக்கிள், மிக்ஸி சத்தம் எல்லாம் ‘இது பயப்பட வேண்டிய விஷயமில்லை’ என்று மனதில் பதிந்துவிடும். விளையாட்டில் எவ்வளவு பலமாகக் கடிக்கலாம் என்பதைக்கூட, கூடப் பிறந்த குட்டிகளைக் கடித்து, பதிலுக்குக் கடிபட்டுத்தான் கற்றுக்கொள்கிறது. இந்த வயதில் நல்ல துணை கிடைத்த நாய், பிற்பாடு தெருவில் இன்னொரு நாயைப் பார்த்தால் அலறாது.

துள்ளல் அதிகமுள்ள இளம் நாய்க்கு ஓடியாட இடம் கிடைப்பதும் லாபம்தான். ஓடாத நாய் என்ன செய்யும்? செருப்பைக் கடிக்கும், சோபாவைக் கிழிக்கும், குண்டாகும். குண்டான நாய்க்கு மூட்டு வலி வரும். லாப்ரடார் இந்த விஷயத்தில் முதல் வரிசை!

அப்புறம் என்ன பிரச்னை?

‘நாய் கூட்டமாக வாழும் ஜாதி. எனவே எத்தனை நாய் இருந்தாலும் அதற்குக் கொண்டாட்டம்தான்’ என்று நாம் நினைத்துக்கொள்கிறோம். தப்புக் கணக்கு இங்கேதான் ஆரம்பம். கூட்டம் என்றால் அதற்குத் தெரிந்த கூட்டம். தினம் தினம் புதுசு புதுசாக வந்து போகிற 20 நாய்கள் அதன் கூட்டம் ஆகிவிடாது. உங்களையே எடுத்துக்கொள்ளுங்கள். தினமும் 8 மணி நேரம் முன்பின் தெரியாத கல்யாண மண்டபத்தில் உட்கார்ந்திருக்கச் சொன்னால் எப்படி இருக்கும்? முதல் நாள் ஜோர்! நாலாவது நாள்?

நாய்க்கு 1 வயது தாண்டி 3 வயதுக்குள் மனசு முதிர்கிறது. குட்டியில் யாரைப் பார்த்தாலும் வாலாட்டிய நாய், இந்த வயதில் ‘எனக்கு இந்த நாலு பேர் போதும்’ என்ற நிலைக்கு வருவது மிகச் சகஜம். ‘நல்லாத்தானே இருந்துச்சு, இப்ப ஏன் உறுமுது?’ என்று பயப்பட வேண்டாம். அது வளர்ந்துவிட்டது, அவ்வளவுதான். அதைப் போய் மறுபடியும் கூட்டத்தில் தள்ளினால் சண்டையில் முடியலாம்.

அடுத்தது தூக்கம். வளர்ந்த நாய் ஒரு நாளில் 12 முதல் 14 மணி நேரம் தூங்கும். குட்டி 18 மணி நேரம் கூடத் தூங்கும். பகலெல்லாம் குரைப்பும் ஓட்டமுமாக இருக்கிற இடத்தில் அந்தத் தூக்கம் கிடைக்குமா? மாலையில் வீட்டுக்கு வந்ததும் தொப்பென்று விழுந்து தூங்குகிற நாயைப் பார்த்து ‘ஆகா, எவ்வளவு சந்தோஷமா விளையாடியிருக்கு!’ என்று பூரிக்கிறோம். சந்தோஷக் களைப்பும் உண்டு. சமாளித்த களைப்பும் உண்டு. மறுநாள் காலையில் அந்த இடத்து வாசலைப் பார்த்ததும் நாய் வாலாட்டி இழுத்துக்கொண்டு ஓடுகிறதா, காலை ஊன்றிப் பின்வாங்குகிறதா? அதுதான் சரியான சர்டிபிகேட்.

நாய் பேசுவது கேட்கிறதா?

நாய் வாய் திறந்து உறுமுவதற்கு முன் உடம்பால் பத்துத் தடவை சொல்லிவிடும். நாம்தான் கவனிப்பதில்லை.

• தூக்கமே வராத நேரத்தில் கொட்டாவி விடுகிறதா? சாப்பாடு எதுவும் இல்லாதபோது உதட்டை நக்கிக்கொள்கிறதா? ‘எனக்குச் சங்கடமாக இருக்கிறது’ என்று அர்த்தம்.

• முகத்தைத் திருப்பிக்கொண்டு கண்ணின் வெள்ளை தெரியப் பார்க்கிறதா? வால் காலுக்கு நடுவே போய்விட்டதா? பயம்.

• உடம்பு விறைத்து, வால் குச்சி மாதிரி மேலே நின்று மெதுவாக ஆடுகிறதா? ‘வாலாட்டுது, பிரியமா இருக்கு’ என்று நினைத்துவிடாதீர்கள். சண்டைக்கு முந்தின வினாடி அதுவாக இருக்கலாம்.

• முன்னங்கால் இரண்டையும் தரையில் நீட்டி, பின்புறத்தைத் தூக்கிக் கும்பிடுவது போல நிற்கிறதா? உடம்பு நெளிந்து தளர்வாக இருக்கிறதா? அதுதான் ‘வா, விளையாடலாம்!’

ஒரு சுலபமான டெஸ்ட். இரண்டு நாய்கள் விளையாடும்போது, எது மேலே ஏறி அமுக்குகிறதோ அதைக் கொஞ்சம் தள்ளிப் பிடித்துக்கொள்ளுங்கள். கீழே இருந்த நாய் திரும்பவும் அதனிடமே வந்தால் இரண்டுக்கும் அது விளையாட்டு. தப்பித்தோம் பிழைத்தோம் என்று ஓடிவிட்டால், ஒன்றுக்குத்தான் விளையாட்டு, இன்னொன்றுக்குத் தொல்லை.

பொது இடத்தில் இந்தக் கவனம் உயிர் காக்கிற விஷயம். 2024 மே மாதம் சென்னை ஆயிரம் விளக்குப் பகுதியில் மாநகராட்சிப் பூங்கா ஒன்றில் இரண்டு ராட்வீலர் நாய்கள் கடித்து 5 வயதுச் சிறுமி பலத்த காயமடைந்தது நினைவிருக்கும். அதன் பிறகுதான் உரிமம், பெல்ட், வாய்மூடி என்று மாநகராட்சி கண்டிப்புக் காட்டத் தொடங்கியது. குழந்தைகள் விளையாடுகிற பூங்கா வேறு, வேலி போட்ட நாய்ப் பூங்கா வேறு. முதலாவதில் நாயை அவிழ்த்துவிடவே கூடாது.

கூட்டத்தோடு வரும் வியாதிகள்

பல நாய்கள் சேருகிற இடம் எதுவானாலும் வியாதியும் சேரும். பயமுறுத்துவதற்காகச் சொல்லவில்லை. முன்கூட்டியே தெரிந்தால் பெரும்பாலானவற்றைத் தடுத்துவிடலாம்.

பார்வோ: 1978-ல் உலகம் அடையாளம் கண்ட வைரஸ். குட்டிகளுக்கு எமன். வாந்தி, நாற்றமடிக்கும் ரத்தப் பேதி, ஓரிரு நாளில் துவண்டுவிடும். இந்தக் கிருமி மண்ணில் மாதக் கணக்கில் உயிரோடு கிடக்கும். சோப்புக்கும் ஸ்பிரிட்டுக்கும் சாகாது. பிளீச்சிங் கரைசலுக்குத்தான் அடங்கும். எனவே ஊசிகள் முடியாத குட்டியைப் பூங்காப் பக்கமே கொண்டுபோகாதீர்கள். 6 முதல் 8 வாரத்தில் முதல் ஊசி, பிறகு 3 அல்லது 4 வாரத்துக்கு ஒரு முறை, கடைசி ஊசி 16 வாரத்தில் அல்லது அதற்குப் பிறகு. ‘ஒரு ஊசி போட்டாச்சே’ என்று நிறுத்திவிடக் கூடாது. ‘குட்டிக்கு உலகத்தைக் காட்டணும்னு சொன்னீங்களே?’ என்று கேட்பீர்கள். தோளில் தூக்கிக்கொண்டு கடைத்தெருவைக் காட்டுங்கள். ஊசி போட்ட, ஆரோக்கியமான நாய் உள்ள உறவினர் வீட்டுக்கு அழைத்துப் போங்கள். போதும்.

கென்னல் காஃப்: தொண்டையில் ஏதோ சிக்கிக்கொண்டது போல வறட்டு இருமல். நமக்குப் பள்ளிக்கூடத்துச் சளி மாதிரி, டே-கேரில் ஒன்றுக்கு வந்தால் எல்லாவற்றுக்கும் வரும். பெரும்பாலும் சரியாகிவிடும். குட்டி, வயதான நாய், பக் போன்ற சப்பை மூக்கு நாய்களுக்கு மட்டும் கூடுதல் கவனம் தேவை.

எலிக்காய்ச்சல்: எலியின் சிறுநீர் கலந்த தண்ணீரிலிருந்து வருவது. நாயிடமிருந்து நமக்கும் வரலாம். ஐப்பசி, கார்த்திகை மழையில் வயலும் வாய்க்காலும் தெருவும் ஒன்றாகிப்போகிற கடலூர் மாவட்டத்துக்காரர்கள் இதை அலட்சியம் செய்யவே கூடாது. தேங்கிய தண்ணீரை நாய் குடிக்க விடாதீர்கள். இதற்கான ஊசியை வருஷா வருஷம் போட வேண்டும்.

உண்ணிக் காய்ச்சல்: ஒரு நாயிலிருந்து விழுந்த உண்ணி சுவர் இடுக்கில் பதுங்கி, அடுத்த நாய் மேல் ஏறும். அதன் கடியில் ஒரு கிருமி ரத்தத்துக்குள் போகும். ஒன்றிலிருந்து மூன்று வாரத்துக்குள் காய்ச்சல், பசியின்மை, சோர்வு. ஈறு வெளுக்கும். சிலவற்றுக்கு மூக்கில் ரத்தம்கூட வரும்.

வெறிநோய்: மூன்று மாதத்தில் முதல் ஊசி, பிறகு டாக்டர் சொல்லும் கணக்குப்படி தவறாமல். ஜூலை 6-ந் தேதி உலக விலங்குவழி நோய்கள் தினம். 1885-ல் அதே நாளில்தான் லூயி பாஸ்டர் ஒரு சிறுவனுக்கு முதன்முதலாக வெறிநோய் ஊசி போட்டார். அந்த நாளையொட்டி கால்நடைத் துறை இலவச ஊசி முகாம்கள் நடத்துவது வழக்கம். உங்கள் ஊர் மாட்டாஸ்பத்திரியில் விசாரித்து வையுங்கள். எந்த நாய் யாரைக் கடித்தாலும், அது நம் வீட்டு நாயாகவே இருந்தாலும், காயத்தைச் சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிஷம் கழுவிவிட்டு உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். மஞ்சள், சுண்ணாம்பு, மிளகாய்ப் பொடி எதுவும் கூடாது. தொப்புளைச் சுற்றிப் போட்ட அந்தப் பழைய ஊசிகள் இப்போது இல்லை. கையிலேயே போடுகிறார்கள். பயப்படாமல் போங்கள்.

உங்கள் நாய்க்கு ஒத்துவருமா?

கீழே உள்ள கேள்விகளுக்கு மனசாட்சியோடு பதில் சொல்லுங்கள்.

1. ஊசிகள், பூச்சி மருந்து எல்லாம் முடிந்து, குறித்து வைத்திருக்கிறீர்களா?

2. வீட்டுக்கு வெளியே, மற்ற நாய் இருக்கும்போதும், பெயர் சொல்லிக் கூப்பிட்டால் வருகிறதா?

3. புது நாயைப் பார்த்தால் உடம்பு தளர்ந்து மோப்பம் பிடிக்கிறதா? விறைக்கவோ ஒளியவோ இல்லையே?

4. சாப்பாட்டையோ பந்தையோ இன்னொரு நாய் தொட்டால் பொறுத்துக்கொள்கிறதா?

5. வயது 7-க்குக் கீழ், மூட்டு வலி, இருதயக் கோளாறு இல்லாமல் இருக்கிறதா?

ஐந்துக்கும் ‘ஆமாம்’ என்றால் வாரத்தில் ஒரு நாளோ இரண்டு நாளோ, அதுவும் அரை நாள், அனுப்பிப் பார்க்கலாம். ஒன்றுக்கு ‘இல்லை’ என்றாலும் அதைச் சரிசெய்துவிட்டுப் பிறகு யோசியுங்கள். மூன்று ‘இல்லை’ வந்தால் கூட்டமே வேண்டாம். உங்கள் நாய் வீட்டுப் பிள்ளை. பருவத்துக்கு வந்திருக்கும் பெண் நாயை எந்தக் காரணம் கொண்டும் கூட்டத்துக்கு அழைத்துப் போகாதீர்கள்.

ராஜபாளையம், சிப்பிப்பாறை, கன்னி, கோம்பை என்று நம் நாட்டு நாய் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. இவை வேட்டைக்கும் காவலுக்கும் வளர்ந்த பரம்பரை. சிப்பிப்பாறையும் கன்னியும் ஓடுகிறதைத் துரத்தும். குட்டி பொமரேனியன் ஓடினாலும் துரத்தலாம்! கோம்பையும் ராஜபாளையமும் அந்நியரைச் சட்டென்று ஏற்காது. இவற்றுக்கு ஓட இடம் வேண்டும். தெரியாத கூட்டம் வேண்டாம்.

டே-கேரில் கேட்க வேண்டியவை

நகரத்தில் இருக்கும் உங்கள் பிள்ளைகளுக்கு இதைக் கத்தரித்து அனுப்புங்கள்.

• ஊசி அட்டையைக் கேட்காமலே சேர்த்துக்கொள்கிறார்களா? அப்படியே திரும்பி வந்துவிடுங்கள். உங்களிடம் கேட்காதவர்கள் மற்றவர்களிடமும் கேட்டிருக்க மாட்டார்கள்.

• 10 நாய்க்கு ஒரு ஆளாவது கூடவே நிற்கிறாரா?

• பெரிய நாய், சின்ன நாய் தனித்தனியா?

• மதியம் இரண்டு மணி நேரமாவது தனித்தனியாகத் தூங்க வைக்கிறார்களா?

• சண்டை வந்தால் என்ன செய்வார்கள்? அடிப்பதும் கத்துவதும் பதிலாக வந்தால் வேண்டாம்.

• உண்ணிக்குத் தரையையும் சுவரையும் எப்போது மருந்தடிக்கிறார்கள்?

• நாம் நினைத்த நேரத்தில் உள்ளே வந்து பார்க்கலாமா?

சேத்தியாத்தோப்புக்கு என்ன வழி?

பூங்காவும் வேண்டாம், டே-கேரும் கிடைக்காது. அப்படியானால் அப்பா சொன்னது போல வாசலில் கட்டிப்போட்டுவிடலாமா? அதுவும் கூடாது! 1960-ம் வருஷத்து மிருகவதைத் தடுப்புச் சட்டமே, எப்போதும் கட்டியே வைத்திருக்கிற நாய்க்குத் தகுந்த நடமாட்டம் கொடுக்காத சொந்தக்காரரைக் குற்றவாளி என்கிறது. கட்டியே கிடக்கிற நாய் மூர்க்கமாகும்; அல்லது ஜடமாகிவிடும்.

நம் ஊரில் நகரத்துக்காரர்களுக்குக் கிடைக்காத ஒன்று இருக்கிறது. விதவிதமான வாசனை! நமக்குக் காலையில் பேப்பர் எப்படியோ, நாய்க்கு மோப்பம் அப்படி. வெள்ளாற்றங்கரைப் பக்கமோ, வாய்க்கால் ஓரமோ அரை மணி நேரம், இழுக்காமல் அது நின்ற இடத்தில் நின்று முகர விட்டு நடத்திப் பாருங்கள். ஒரு மணி நேரம் ஓடின திருப்தி அதற்குக் கிடைக்கும். பெரியவர்களுக்கும் நடைப்பயிற்சி. டாக்டர் உங்களை நடக்கச் சொல்லியிருக்கிறார்தானே!

நேரம் முக்கியம். காலை 6 மணிக்குள் கிளம்பி 7 மணிக்குள் திரும்புங்கள். மாலையில் வெயில் தாழ்ந்த பிறகு. உங்கள் புறங்கையைத் தார் ரோட்டில் 5 வினாடி வைத்துப் பாருங்கள். உங்களால் வைக்க முடியாவிட்டால் நாயின் பாதத்துக்கும் முடியாது. கத்திரி வெயிலில் மூச்சிரைப்பு நிற்காமல், நாக்கு கருஞ்சிவப்பாகி, தள்ளாடினால் அது வெயில் தாக்கு. நிழலுக்குக் கொண்டுபோய் உடம்பை நனைத்து, விசிறிக்கொண்டே டாக்டரிடம் ஓடுங்கள்.

பெல்ட்டை மட்டும் கழற்றாதீர்கள். ‘பட்டிக்காட்டில் என்ன பயம், அவிழ்த்து விடலாமே’ என்று தோன்றும். மூன்று பயம் உண்டு. ஒன்று, அரவை நாட்களில் ஆலைக்கு வரிசை கட்டி வரும் கரும்பு லாரியும் டிராக்டரும். இரண்டு, வயலில் எலிக்கு வைக்கும் மருந்து. மருந்து தின்ற எலியை நாய் தின்றாலும் ஆபத்துதான். சில மருந்துகள் இரண்டு மூன்று நாள் கழித்தே வேலையைக் காட்டும். ஈறில் ரத்தம், கறுப்பு மலம் என்று ஆரம்பிக்கும். மூன்று, பாம்பு.

தெரு நாய்கள் சூழ்ந்துகொண்டால்? ஓடாதீர்கள். கல்லெடுத்து வீசவும் வேண்டாம். உங்கள் நாயை உங்களுக்குப் பின்புறம் வைத்துக்கொண்டு, அவற்றைக் கண்ணோடு கண் முறைக்காமல், மெதுவாகப் பின்வாங்கி வேறு தெருவில் திரும்புங்கள். அது அவற்றின் எல்லை. எல்லையைத் தாண்டியதும் பெரும்பாலும் விட்டுவிடும்.

வீட்டுக்குள்ளும் வேலை கொடுங்கள். சோற்றை ஒரே தட்டில் கொட்டாமல், பழைய துணியில் பிஸ்கட் துண்டுகளைச் சுருட்டி வைத்துக் கண்டுபிடிக்கச் சொல்லுங்கள். 10 நிமிஷம் மூளைக்கு வேலை. பேரப்பிள்ளைகளுக்கும் நல்ல விளையாட்டு.

துணை வேண்டுமா? கூட்டம் வேண்டாம், ஒரு கூட்டாளி போதும். அடுத்த தெருவில் ஊசி போட்ட, சாதுவான நாய் ஏதாவது இருக்கும். முதல் சந்திப்பு யார் வீட்டு வாசலிலும் வேண்டாம், பொதுவான ரோட்டில். இரண்டு பேரும் ஆளுக்கொரு நாயைப் பிடித்துக்கொண்டு, நடுவே பத்தடி இடைவெளி விட்டு, ஒரே திசையில் நடங்கள். நாலு நாள் இப்படியே. பிறகு பெல்ட் தொய்வாக இருக்க மூன்று வினாடி முகர விட்டு, பிரித்து, மறுபடி நடங்கள். ஒரு வாரத்தில் சிநேகம் ஆகிவிட்டால், கேட் பூட்டிய தோட்டத்தில் அரை மணி நேரம் ஓடட்டும். அப்போது பந்து, சாப்பாடு எதுவும் நடுவில் இருக்கக் கூடாது. சண்டையே அதில்தான் வரும்!

இந்தச் சிநேகத்தில் இன்னொரு லாபம். பொங்கலுக்கோ, கல்யாணத்துக்கோ நாலு நாள் ஊருக்குப் போக வேண்டியிருந்தால், தெரியாத இடத்தில் விடுவதைவிடத் தெரிந்த அந்த வீட்டில் விடலாம். போகும் முன் ஒரு இரவு மட்டும் விட்டுப் பழக்குங்கள். அதன் பெட்ஷீட்டும் தட்டும் கூடவே போகட்டும். அடுத்த முறை அவர்கள் நாய் உங்கள் வீட்டில்!

சரி, ஜிம்மி என்ன ஆயிற்று?

அப்பாவும் பையனும் போனில் வாதாடிக்கொண்டிருந்தபோது அம்மாதான் ஒரு காரியம் செய்தார். ஜிம்மியின் காதைத் தடவிக்கொடுத்தவர் கையில் ஏதோ நெருடியது. கருப்பு மிளகு மாதிரி, ஒன்றல்ல, நாலைந்து. உண்ணி! உதட்டைத் தூக்கிப் பார்த்தால் ஈறு வெளுத்துக் கிடந்தது. அன்றைக்கே ஆட்டோ வைத்து மாட்டாஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள்.

டாக்டர் பார்த்தபோது காய்ச்சல் 104 டிகிரி. நாய்க்கு இயல்பே 101-லிருந்து 102.5 வரை; இது அதற்கும் மேல். ரத்தம் எடுத்துப் பார்த்ததில் உண்ணிக் காய்ச்சல் உறுதியானது. “இன்னும் ஒரு வாரம் ‘ஏக்கம்’னு விட்டிருந்தீங்கன்னா ரத்தம் ஏத்தினாலும் கஷ்டம்மா” என்றாராம். நாலு வாரம் விடாமல் மாத்திரை. மூன்றாவது நாளே தட்டு காலி! உண்ணி எங்கே ஏறியது என்று யாராலும் சொல்ல முடியாது. சென்னையிலும் இருக்கலாம், வேனிலும் இருக்கலாம், நம் வீட்டுச் சுவரிலும் இருக்கலாம்.

இப்போது தீர்ப்பு. பையன் சொன்னது பாதி சரி: ஜிம்மிக்குத் தனிமை ஆகாது. அப்பா சொன்னதும் பாதி சரி: நாய்க்கு டே-கேர் கட்டாயமில்லை. ஆனால் இருவருமே நாயைப் பார்க்காமல் நாயைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள். தொட்டுப் பார்த்தது அம்மா மட்டும்தான்.

சாப்பிடாத நாய்க்கு ‘ஏக்கம்’ என்று நாமே பெயர் வைக்கக் கூடாது. ஒரு நாள் முழுக்கச் சாப்பிடவில்லை என்றால் டாக்டர் முதலில், டே-கேர் பிறகு. வாரம் ஒரு நாள் காது மடல், கழுத்து, விரலிடுக்கு எல்லாம் விரலை விட்டுத் தடவிப் பாருங்கள். உதட்டைத் தூக்கி ஈறின் நிறத்தைப் பாருங்கள். நல்ல நாளில் அது எந்த நிறம் என்று தெரிந்திருந்தால்தான், கெட்ட நாளில் மாற்றம் தெரியும்.

ஜிம்மி இப்போது காலை 6 மணிக்கு அப்பாவை எழுப்புகிறது. பெல்ட்டைத் தேடி எடுத்து வைப்பவர் வேறு யாருமில்லை, ‘நாய்க்கு எல்.கே.ஜி.யா?’ என்று கேட்டவரேதான்! இரண்டு தெரு தள்ளி ஒரு வாத்தியார் வீட்டு நாட்டு நாய் அதற்குக் கூட்டாளி. மாலையில் இரண்டும் தோட்டத்தில் ஓடி முடித்து, ஒரே மரத்தடியில் படுத்துத் தூங்குகின்றன. அந்த நேரத்தில் பெரியவர்கள் நாலு பேரும் திண்ணையில் உட்கார்ந்து காபி குடிக்கிறார்கள்.